ஆபரேட்டர் அப்பாவுடன் ராமோஜி ஃபிலிம் சிட்டி

அக்டோபர் 2, 2024, புதன். ரயிலில்

காலாண்டு லீவுக்கு எங்கேயாவது கூட்டிப் போ என்று பிள்ளைகள் இரண்டும் ஆகஸ்டிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவள் ஏழாவது, சின்னவன் இரண்டாவது. ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது அப்பாதான், "ஐதராபாத்ல பெரிய சினிமா ஊரு ஒண்ணு கட்டி வச்சிருக்காங்களாமே, அது எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். வாய் திறந்து எதையும் கேட்கிற மனுஷர் இல்லை அவர். அன்றைக்கு ராத்திரியே என் வீட்டுக்காரர் டிக்கெட் போட்டுவிட்டார்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தேழு வருஷம் சினிமா ஆபரேட்டர். பத்தொன்பது வயதில் உத்தமபாளையம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ரீல் சுற்றிக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்து, லைசென்ஸ் பரீட்சை எழுதி, பிறகு கம்பத்தில் ஒரு தியேட்டரில் கடைசி வரை இருந்தார். 2009இல் அங்கே டிஜிட்டல் வந்தது. புது மெஷினை இயக்க ஒரு பையன் போதும் என்றார்கள், அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் தியேட்டர் பக்கமே போகவில்லை.

இன்று மகாளய அமாவாசை. சென்னையில் நாத்தனார் வீட்டில் இறங்கி, அப்பா தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு, சாயங்காலம் சென்ட்ரலில் ரயிலேறினோம். நாத்தனார் கட்டிக்கொடுத்த புளியோதரை வாழையிலையோடு சேர்ந்து மணக்கிறது. எதிர் சீட்டில் நெல்லூர்க்காரத் தம்பதி. எங்கே போகிறோம் என்று கேட்டு, ராமோஜி என்றதும் அந்த அம்மா கை விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னார்: தொப்பி, தண்ணீர் பாட்டில், நடக்கத் தோதான செருப்பு. தெலுங்கில் சொன்னதில் பாதிதான் புரிந்தது. இறங்கும்போது சின்னவன் கையில் இரண்டு கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனார். நெல்லூர் தாண்டியதும் விளக்கை அணைத்துவிட்டார்கள். இதைப் போர்வைக்குள் இருந்து போனில் எழுதுகிறேன்.

அக்டோபர் 3, வியாழன். நாம்பள்ளி, ஐதராபாத்

விடியற்காலை நல்கொண்டா பக்கம் கண் விழித்தேன். ஜன்னலில் எங்கு பார்த்தாலும் பாறை. ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ கொண்டுவந்து அடுக்கிவைத்த மாதிரி உருண்டைப் பாறைகள். அம்மா, "கீழ விழாதாடி இதெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்று லாட்ஜில் சொல்லிவிட்டார்கள். போட்டிருந்த நேரம் எட்டு. முன்பணம் வாங்கும்போது தலையாட்டியவர்கள் இப்போது முகம் கொடுத்தே பேசவில்லை. பெட்டிகளை வாசலில் போட்டுவிட்டு, எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேரை மூன்றரை மணி நேரம் எங்கே உட்காரவைப்பது? பக்கத்து இரானி சாயா கடையில் உட்கார்ந்தோம். ஒரு சாயா இருபது ரூபாய். பால் கெட்டியாகச் சுண்டி, லேசாக ஏலம் மணக்க, எங்கள் ஊர் டீயைவிட இனிப்பு கூடுதல். கூட உஸ்மானியா பிஸ்கட், இனிப்பும் உப்புமாக வாயில் போட்டதும் கரைகிறது. கடைக்காரர் நாங்கள் லாட்ஜுக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் விசிறிக்குக் கீழே இருந்த மேஜையைக் காலி செய்து கொடுத்தார். எழுந்து போங்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மூன்றாவது ரவுண்டு சாயா சொல்லப் போனால், "நக்கோ நக்கோ, ஆராமா உட்காருங்க" என்கிற மாதிரி கையைக் காட்டினார். வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் நக்கோ. சின்னவனுக்கு அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. எது கொடுத்தாலும் நக்கோதான்.

மதியம் இவரும் பிள்ளைகளும் பிரியாணி. மண்சட்டியில் வந்தது. கறியை வேகவைக்காமல் மசாலாவில் ஊறப்போட்டு, பாதி வெந்த அரிசியை மேலே பரப்பித் தம் போடுகிறார்களாம். கூட மிளகாய்க் குழம்பும் தயிர்ப் பச்சடியும். நானும் அம்மாவும் புரட்டாசி. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு தயிர்ச்சோறும் கோங்குரா தொக்கும் சாப்பிட்டோம். கோங்குரா நம்ம புளிச்சகீரைதான். ஆனால் இவர்கள் காரத்தையும் நல்லெண்ணெயையும் விடுகிற அளவில் ஒரு கவளத்துக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா புரட்டாசி பார்ப்பதில்லை, ஆனாலும் அம்மாவுக்காகத் தயிர்ச்சோறே வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் லாட்ஜுக்குப் பின்னால் இருந்த தெருவில் கைதட்டும் பாட்டும் கேட்டது. பதுகம்மா. தெலங்கானாவில் நவராத்திரியை ஒட்டி ஒன்பது நாள் நடக்கிற பெண்கள் பண்டிகை, நேற்று அமாவாசையில் ஆரம்பித்திருக்கிறது. தாம்பாளத்தில் பூவை வட்டம் வட்டமாகக் கோபுரம் போல அடுக்கி நடுவில் வைத்து, பெண்கள் சுற்றி வந்து கும்மி அடிக்கிறார்கள். அம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "ஏடி, இது ஆவாரம்பூடி!" என்று கத்திவிட்டார். ஆமாம், ஆவாரம்பூவேதான். இங்கே தங்கேடு என்கிறார்கள், இந்த மாநிலத்தின் பூவே அதுதான். இன்னொரு அடுக்கு பண்ணைக்கீரைப் பூ. எங்கள் ஊரில் கரட்டு ஓரத்திலும் காட்டிலும் கேட்பாரற்றுக் கிடக்கிற இரண்டு பூவை இங்கே தெய்வமாக நடுவில் வைத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பாட்டி அம்மாவின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார். பேச்சே தேவைப்படவில்லை. கும்மிக்கு எந்த ஊரிலும் அதே தாளம்தான், அம்மா மூன்றாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டார். முடிந்ததும் கை நிறைய அவலும் வெல்லமும் கொடுத்தார்கள். இரண்டாம் நாளுக்கு அவல்தான் படையலாம்.

மறுநாள் சேர்த்தது: அம்மாவின் கைத்தாளத்தைப் பற்றி நேற்று எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று. அதற்கு இன்று ஒரு வேலை வந்தது.

அக்டோபர் 4, வெள்ளி. ராமோஜி ஃபிலிம் சிட்டி

காலை ஏழரைக்கு வேன் வரும் என்று ஒரு டிராவல்ஸில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். எட்டேகால் வரைக்கும் "அஞ்சு நிமிஷம்", அதற்குப் பிறகு போன் ஸ்விட்ச் ஆஃப். பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, ஏழு மணிக்கே வாசல் படியில் வந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. இவர், "மாமா, வாங்க, மெட்ரோல போயிருவோம்" என்று கிளப்பினார்.

நாம்பள்ளியில் ஏறினால் எல்.பி. நகர் வரை ஒரே மெட்ரோ. அங்கிருந்து விஜயவாடா ரோட்டில் டவுன் பஸ். கண்டக்டர் ஒரு பெண். எங்களிடம் ஆதார் கேட்டார். இங்கே பெண்களுக்கு பஸ் இலவசம், ஆனால் தெலங்கானா முகவரி இருக்க வேண்டும். எங்கள் ஆதாரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். அம்மா விடாமல், "எங்க ஊர்லயும் ஃப்ரீதான், சொல்லுடி அவகிட்ட" என்றார். என் உடைந்த தெலுங்கில் சொன்னேன். அந்தக் கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அதைத் திருப்பிச் சொன்னார். நின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுபது வயதுக்காரர்கள் இரண்டு பேருக்கும் சீட் வாங்கிக் கொடுத்தார்கள். ஹயாத்நகர், பெத்த அம்பர்பேட், ரிங் ரோடு எல்லாம் தாண்டி இறங்கும்போது மணி பத்தே கால்.

டிக்கெட் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு யோசிக்கவேண்டிய தொகை. அப்பாவுக்கு விலை தெரியாமல் பார்த்துக்கொண்டோம். நுழைவாயிலிலிருந்து உள்ளே போகவே ஒரு பஸ். மொத்தம் 1,666 ஏக்கர். உலகத்திலேயே பெரிய திரைப்பட ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸில் இருக்கிறது. நேற்று ரயிலில் பார்த்த அதே உருண்டைப் பாறைகளும் பொட்டல் மேடுமாக இருந்த இடம் இது. பாறையை ஒரேயடியாக வெட்டித் தள்ளாமல், பல இடத்தில் அதைச் சுற்றியே தோட்டமும் தெருவும் போட்டிருக்கிறார்கள். 1996இல் தொடங்கியவர் ராமோஜி ராவ். ஈநாடு பத்திரிகை, ஈடிவி எல்லாம் அவருடையவை. இந்த ஜூன் 8ஆம் தேதிதான் காலமானார், 87 வயது. இங்கேதான் அவரைத் தகனம் செய்தார்கள் என்று அருகில் இருந்த ஒருவர் சொல்ல, அப்பா பஸ்ஸிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "இந்தாளு கம்பெனி எடுத்த தெலுங்குப் படம் ஒண்ணு தமிழ்ல வந்துச்சு. கால் போன பொண்ணு, தன் கதையில தானே நடிச்சு ஆடுனாளே, அது. எங்க கொட்டகையில நான்தான் ஓட்டுனேன்" என்றார். அவருடைய உஷாகிரண் மூவீஸ் எடுத்து 1985இல் வந்த மயூரி படம். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தமிழ் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

உள்ளே சுற்றிக் காட்ட பழைய காலத்து மாடலில் சிவப்பு பஸ்கள். ஜன்னலில் கண்ணாடி இல்லை, காற்று ஜிலுஜிலு என்று வந்தது. கைடு இந்தியும் தெலுங்கும் கலந்து பேசினார். விமான நிலையம், ரயில்வே ஸ்டேஷன், ஜெயில், ஆஸ்பத்திரி, லண்டன் தெரு, வடநாட்டுத் தெரு. முன்பக்கம் பார்த்தால் மூன்று மாடி, பஸ் திரும்பினால் பின்னால் வெறும் இரும்புச் சாரம். பிள்ளைகளுக்கு அது ஒவ்வொரு முறையும் அதிசயம். ஸ்டேஷனில் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படத்துக்குப் படம் மாற்றுவார்களாம். அப்பா மட்டும் பஸ்ஸுக்கு வெளியே தலையை நீட்டி, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயில் செட்டில் இறக்கிவிட்டார்கள். கோபுரம், தூண், மண்டபம், எல்லாம் இருக்கிறது. கருவறை காலி. எந்தச் சாமி படத்துக்குத் தேவையோ அந்தச் சாமியைக் கொண்டுவந்து வைப்பார்களாம். கூட்டம் முழுக்கச் செருப்போடு ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஏறி, காலியான கருவறைக்கு முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "சாமி இல்லையே அம்மாச்சி" என்றாள் பெரியவள். "இல்லாட்டி என்ன? எத்தனை நடிகைங்க இந்த இடத்துல நின்னு உருகி அழுதிருப்பாங்க. அத்தனையும் உங்க தாத்தா கொட்டகையில பார்த்து நானும் அழுதிருக்கேன்" என்றார் அம்மா. அப்பா தூணை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார். டொக் டொக் என்று உள்ளே காலியான சத்தம். கருங்கல்லின் சொரசொரப்பும், எண்ணெய் வழிந்த கறையும்கூடப் பெயிண்டில் வந்திருக்கிறது. அப்பா உள்ளங்கையை அதன்மேல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "படத்துல ரெண்டு செகண்டு வரும். அதுக்கு இம்புட்டு வேலை செஞ்சிருக்கான் பாரு" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் துளிகூட இல்லை. கைவேலை தெரிந்த ஒருவர் இன்னொருவர் கைவேலையைப் பார்க்கிற பார்வை அது.

மகிழ்மதி செட்டில் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. யானைத் தலைகள், பெரிய சிலை, தேர். பாகுபலியைத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். செட்டின் பெரும்பகுதி இங்கே அப்படியே நிற்கிறது. சின்னவன் தேர் முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்தி முப்பது போட்டோவாவது எடுக்க வைத்திருப்பான். வெயில் அங்கேதான் உச்சிக்கு ஏறியது. நெல்லூர் அம்மா சொன்ன தொப்பி எங்களிடம் இல்லை. உள்ளே கடையில் வாங்கினோம், இரண்டு தொப்பி நானூறு ரூபாய்.

சாப்பாடு சைவத் தாலி. ரொட்டி, பருப்பு, வெண்டைக்காய்ப் பொரியல், சாம்பார், தயிர். பருப்பில் நெய் விட்டு, அதன்மேல் மாங்காய் ஊறுகாயைப் பிசைந்து சாப்பிட அம்மா அங்கேயே கற்றுக்கொண்டார். பரிமாறிய பையன் ஒரிசாக்காரன். அப்பாவுக்கு ரொட்டி மெல்லக் கஷ்டமாக இருப்பதைப் பார்த்து, கேட்காமலேயே இன்னொரு கிண்ணம் சோறு கொண்டுவந்து வைத்தான்.

இனி நான் சொல்லவந்த இடம்.

மூவி மேஜிக் என்று ஒரு பகுதி. அதில் ஆக்‌ஷன் என்ற அரங்கில் ஒரு காட்சியை எப்படி எடுக்கிறார்கள் என்று படிப்படியாகச் செய்து காட்டுகிறார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள், நாக்பூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண். குதிரை இல்லாத குதிரைவண்டி. அவள் ஏறி உட்கார்ந்து சாட்டையைச் சுழற்ற, இரண்டு பேர் வண்டியை ஆட்டினார்கள். அடுத்தது சத்தம். அதற்கும் கூட்டத்திலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நடத்துகிறவர் எங்கள் வரிசைக்கு வந்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, "போ, போ" என்றார்.

அம்மாவுக்குக் கிடைத்தது குதிரைக் குளம்பு. கையில் இரண்டு கட்டை. நடத்துகிறவர் சொன்ன இந்தியில் ஒரு வார்த்தையும் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. திரையில் வண்டி ஓட ஆரம்பித்தது. அம்மா இரண்டு விநாடி பேசாமல் பார்த்தார், பிறகு பிடித்துக்கொண்டார். டக்கடக் டக்கடக். நேற்று கும்மியில் பிடித்த மாதிரியே. வண்டி வேகமாக ஓடும்போது கை வேகமானது, மேட்டில் ஏறும்போது தளர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே கண்டபடி ஏதேதோ ஆட்டிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் ஒட்டிப் பெரிய திரையில் போட்டார்கள். நாக்பூர்ப் பெண் குதிரைவண்டி ஓட்டுகிறாள், பின்னால் புழுதி, மரங்கள் ஓடுகின்றன. அரங்கம் முழுக்க அம்மாவின் குளம்புச் சத்தம். கூட்டம் கைதட்டிக் கூச்சல் போட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, வலது கை தொடைமேல் எதையோ திருகுகிற மாதிரி மெல்ல அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தக் கை தெரியும். கார்பன் மெஷினில் இரண்டு கார்பன் குச்சியும் எரிய எரிய இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மஞ்சளாகும். ஆபரேட்டர் நொடிக்கு நொடி குமிழைத் திருகி அதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் நான் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அந்தக் கை திருகிக்கொண்டுதான் இருக்கும்.

அம்மா வந்து உட்கார்ந்ததும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏங்க, நான் தட்டுனது சரியா இருந்துச்சா?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார், "சிங்க் தப்பலை."

அம்மாவுக்கு அந்த வார்த்தை என்னவென்று தெரியும். முப்பத்தேழு வருஷம் ராத்திரி இரண்டாவது ஆட்டம் முடிந்து வந்து சோற்றில் கை வைக்கும்போது, அவர் நல்ல நாளா கெட்ட நாளா என்று சொல்வதே அந்த வார்த்தையை வைத்துத்தான். படமும் சத்தமும் ஒரு இழை விலகினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தபோது பெரியவள் தாத்தாவைத் துளைக்க ஆரம்பித்தாள். அப்பா பேசினார். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கொட்டகையில் ஒரே மெஷின், அதனால் ரீலுக்கு ரீல் நிறுத்தி மாற்ற வேண்டும், ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. கம்பத்தில்தான் இரண்டு மெஷின். ரீல் முடிய ஏழெட்டு விநாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அப்போது அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இன்னொரு புள்ளி மின்னும், அந்த நொடியில் மாற்ற வேண்டும். படம் பார்க்கிறவர்கள் யாருக்கும் அந்தப் புள்ளி தெரியாது. "நாங்க அந்தப் புள்ளியைத்தான் பாப்போம். படத்தைப் பாக்க மாட்டோம்" என்றார். ஒரு நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஃபிலிம் ஓடும் என்றதும் சின்னவன் வாயைப் பிளந்தான்.

அம்மா அப்போதுதான் சொன்னார். "நான் படத்துக்குப் போனா அப்பப்ப திரும்பிப் பாப்பேன். அந்த ஓட்டை வழியா வெளிச்சம் வருமில்ல, அதுல தூசி பறக்கும். வெளிச்சம் மங்குச்சுன்னா, ஆகா, மனுசன் கண்ணசந்துட்டாருன்னு நினைச்சுக்குவேன்."

அப்பா, "மங்கினதே இல்லை" என்றார். "ரெண்டு தடவை மங்குச்சு" என்றார் அம்மா. இரண்டு படத்தின் பெயரையும் சொன்னார். அப்பா வாதம் செய்யவில்லை.

மீதி நாள் பிள்ளைகளுடையது. போராசுராவின் இருட்டு குகையில் சின்னவன் அலறி இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான், வெளியே வந்ததும் இன்னொரு தடவை போகலாம் என்றான். சுழல் ராட்டினத்தில் ஏறி இறங்கிய பெரியவள் மதியச் சாப்பாடு முழுவதையும் புல்லில் கக்கிவிட்டாள். துப்புரவுப் பணி செய்த அக்கா ஒருவர் முகம் சுளிக்காமல் தண்ணீர் கொண்டுவந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். கையில் ஐம்பது ரூபாய் வைக்கப் போனேன், வாங்கவே இல்லை. பறவைப் பூங்காவும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் அவசரமாகப் பார்த்தோம். நாலரைக்கு வானம் கருத்து, கொட்டித் தீர்த்தது. அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. ஒரு பின்னூசியைப் போட்டு மாட்டி, மழை விட்டதும் கௌபாய்ச் சண்டைக் காட்சியும் நடனமும் பார்த்துவிட்டே வந்தோம்.

எல்.பி. நகர் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். இப்போது மணி பதினொன்று. என் பாதம் இரண்டும் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 5, சனி. சார்மினார்

காலையில் எல்லோருக்கும் கால் வலி. இருந்தாலும் மியூசியம் போனோம். சாலார் ஜங் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், இன்று திறந்திருந்தது. முக்காடு போட்ட ரெபெக்கா சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பளிங்குக்குள் பளிங்கு தெரிகிற மாதிரி எப்படிச் செதுக்கினார்களோ. அப்பாவுக்குப் பிடித்தது கடிகாரம். மணிக்கு மணி ஒரு தாடிக்காரப் பொம்மை கதவைத் திறந்து வந்து மணியடித்துவிட்டுப் போகிறது. உள்ளே ஒரு குட்டிக் கொல்லன் நொடிக்கு நொடி சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கிறான். பன்னிரண்டு மணி அடிப்பதைப் பார்க்கக் கூட்டம் தரையில் உட்கார்ந்திருந்தது, கொட்டகையில் தரை டிக்கெட் மாதிரியே. பன்னிரண்டு அடித்து முடிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். அப்பா அந்தக் கொல்லனுக்காக இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

லாட் பஜாரில் அரக்கு வளையல். கடை வாசலிலேயே ஒருவர் கரியடுப்பில் அரக்கைக் காட்டி இளக்கி, உருட்டி, வளைத்து, இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பதித்துக்கொண்டிருந்தார். அரக்கு சூடாக இருக்கும்போதே கல்லை வைக்க வேண்டும், ஆறிவிட்டால் பிடிக்காது. ஜோடி அறுநூறு சொன்னார்கள், முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது. அம்மா நாக்பூர்ப் பெண் போட்டிருந்த பச்சை மாதிரியே வேண்டும் என்று தேடி எடுத்தார். சார்மினார் மேலே ஏற அப்பாவின் முட்டி ஒப்புக்கொள்ளவில்லை. 1591இல் கட்டியது என்று பிள்ளைகளுக்குக் கீழே இருந்தே சொன்னேன். சாயா, பிஸ்கட், ஆட்டோ, ஸ்டேஷன்.

ரயில் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எதிரெதிர் கீழ் பெர்த்தில் அப்பாவும் அம்மாவும். விளக்கை அணைத்த பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, இந்த ரயில் சத்தத்தை எதை வச்சுத் தட்டுவாங்க?"

அப்பா கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். பிறகு தலைமாட்டில் இருந்த சில்வர் டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் மெல்ல ஆரம்பித்தார். அம்மா, "இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றார்.